டிரம்மரைப் பின்தொடர்ந்து: ஒஸ்லோவிலிருந்து ட்ரான்ட்ஹைம் வரை

ஞாயிறு, ஒஸ்லோ

மெட்டலும் ஜாஸும் கலந்த நல்ல ஆல்பம் ஏதாவது சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், நார்வேயிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். இந்த வாரம் அந்த நாட்டிலேயே இருக்கிறேன். ஒஸ்லோவிலிருந்து ரயிலில் பெர்கன், அங்கிருந்து கப்பலில் ட்ரான்ட்ஹைம். அன்றன்று இரவு எழுதிப் போடுகிறேன். எந்த ஊரில் இருக்கிறேனோ அந்த ஊரோடு ஒட்டிய ஆல்பங்களைச் சொல்கிறேன்.

இன்று இரவு ப்ளோ கிளப்புக்குப் போனேன். ஆக்கர்செல்வா ஆற்றங்கரையில் பழைய ஆலைக் கட்டடங்களுக்கு நடுவில் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய ஜாஸ் கிளப். வாசலுக்குப் போகும் சந்தில் சுவரெல்லாம் ஸ்ப்ரே ஓவியம்; தலைக்கு மேலே திறந்த வெளியில் ஒரு பெரிய சரவிளக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிராங்க் ஸ்னோர்ட் குவார்டெட் வாசிக்கிறார்கள். பெயரில்தான் நால்வர், மேடையில் ஒரு டஜனுக்கு மேல். டிக்கெட் கிடையாது. சாக்ஸஃபோன் வரிசை ஒன்றாக எழும்பும்போது நெஞ்சில் அடிக்கிறது. மெட்டல் கச்சேரிகளில் நான் தேடிப் போகும் அதே அடி.

அதனால் முதல் பரிந்துரை ஷைனிங் குழுவின் 'பிளாக்ஜாஸ்' (2010). புதிய ஆல்பம் இல்லைதான். ஆனால் இந்த வாரம் நான் சொல்லப்போகும் பலவற்றுக்கும் இதுதான் வாசல். யோர்கன் முன்கெபி என்ற சாக்ஸஃபோன் கலைஞர் தொடங்கிய குழு இது. யாகா ஜாஸிஸ்ட் குழுவில் வாசித்தவர். ஷைனிங்கின் முதல் ஆல்பம் 2001-இல் வந்தபோது அது மின்கருவியே இல்லாத ஜாஸ் நால்வர் குழு. ஒன்பது வருடத்தில் அதே குழு இப்படி ஓர் இரும்புச் சத்தத்துக்கு வந்து சேர்ந்தது. சாக்ஸஃபோனும் கிட்டாரும் ஒரே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு சுர வரிசையை, ஒன்றாக வாசிக்கின்றன. எது எது என்று காதுக்குப் பிரியாத இடங்கள் இருக்கின்றன. கடைசியில் கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்'. அதில் பாட வருபவர் என்ஸ்லேவ்ட் என்ற பெர்கன் மெட்டல் குழுவின் க்ருட்லே.

முதல்முறை கேட்பவர்கள் 'ஃபிஷ்ஐ' பாட்டில் தொடங்குங்கள். அப்புறம் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனித்து ஒருமுறை கேளுங்கள். வாசிப்பவர் டோர்ஸ்டைன் லோஃப்ட்ஹூஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி வரும்.

திங்கள், ஒஸ்லோ

காலையில் ஷ்வைகோர்ட்ஸ் கேட் தெருவில் 56-ஆம் எண் கட்டடத்துக்கு நடந்தேன். ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, பெரிய அழகு எதுவும் இல்லாத தெரு. 1991 முதல் 1993 வரை ஹெல்வெட்டே என்ற இசைத்தட்டுக் கடை இங்கே இருந்தது. பிளாக் மெட்டல் என்ற, மெட்டலின் இருண்ட, வேகமான கிளையைச் சேர்ந்த நார்வேக் கூட்டம் கூடிய இடம். அந்தக் கூட்டத்திலிருந்து கொலையும் தேவாலய எரிப்பும் வந்தன. கடையை நடத்தியவரே 1993-இல் கொல்லப்பட்டார். இதையெல்லாம் வீரக்கதையாகச் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எரிந்தது மக்கள் கும்பிடப் போன இடம், செத்தது மனிதர்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் கவனிக்கப்படாமல் போன வேறு ஒன்று உண்டு. 1995-இல் வெட் புவென்ஸ் எண்டே என்ற மூவர் குழு 'ரிட்டன் இன் வாட்டர்ஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டது. பிளாக் மெட்டல் என்றால் டிரம்ஸ் இடைவெளியில்லாமல் இடிக்கவேண்டும் என்றிருந்த காலம். இதில் கார்ல் மிக்கேல் ஐடே ஜாஸ் டிரம்மர் போல அங்கங்கே விட்டு விட்டு, சுற்றி வளைத்து வாசிக்கிறார். பேஸ் கிட்டார் தனிப் பாட்டாக ஓடுகிறது. கிட்டாரின் சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன, தீர்வுக்கு வருவதில்லை.

அதே குழுவின் கிட்டார் கலைஞர் விகோட்னிக் இன்று நடத்தும் குழு டோட்ஹைம்ஸ்கார்ட். அவர்களுடைய 'பிளாக் மீடியம் கரன்ட்' (2023) சமீபத்தில் வந்த மெட்டல் ஆல்பங்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று நின்று, பியானோ மட்டும் மிஞ்சும். அந்த நிறுத்தம் அலங்காரம் இல்லை. அதற்கு முன்னால் என்ன கேட்டோம் என்பதை அந்தப் பியானோ நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. முழுதாக உட்கார்ந்து கேட்க நேரம் இருக்கும் நாளில் மட்டும் போடுங்கள். பஸ்ஸில் காதுக்கருவியில் கேட்டால் பாதி போய்விடும்.

நான் தங்கியிருப்பது என் கல்லூரித் தோழியின் பெரியம்மா வீட்டில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல காலமாக ஒஸ்லோவில் இருக்கும் குடும்பம். இரவு இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "உந்தச் சத்தத்தைக் கேக்கவோ பிள்ளை, இவ்வளவு தூரம் வந்தனீர்?"

"ஓம் அன்ரி, இதுக்குத்தான்," என்றேன்.

அவருடைய மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே மிருதங்கம் படித்த பையன். 'பிளாக்ஜாஸ்' போட்டுக் காட்டினேன். சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடி, மேசை விளிம்பில் விரலால் எண்ணி, சமம் (தாளச் சுற்று தொடங்கும் இடம்) எங்கே விழுகிறது என்று தேடினான். பிடித்ததும், "அக்கா, திருப்பிப் போடுங்கோ" என்றான். மெட்டல் என்றாலே பயப்படும் நம் ஆட்களுக்கு அந்தப் பையன் செய்ததைத்தான் சொல்வேன். குரலை விடுங்கள், தாளத்தைப் பிடியுங்கள்.

மத்தியானம் பார்த்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். நகரின் முக்கியத் தெருவான கார்ல் யோஹான்ஸ் கேட்டில் விக்டோரியா என்ற பழைய சினிமா அரங்கு இப்போது தேசிய ஜாஸ் அரங்கமாக இருக்கிறது. 2017-இல் இங்கே பதிவான கச்சேரிதான் 'கேச்சிங் ஃபயர்' என்று 2024-இல் வெளிவந்தது. எலிஃபன்ட்9 குழுவோடு டெரியே ரிப்டால். நார்வே ஜாஸில் எழுபதுகளிலேயே மின் கிட்டாரை இரைச்சலோடு கொண்டுவந்த மூத்தவர் ரிப்டால். எலிஃபன்ட்9 மூவர்: ஹாமண்ட் ஆர்கனில் ஸ்டோலே ஸ்டோர்லோக்கன், பேஸில் நிகோலாய் ஹெங்ஸ்லே, டிரம்ஸில் நேற்றுச் சொன்ன அதே லோஃப்ட்ஹூஸ். 'பிளாக்ஜாஸ்' கேட்டுவிட்டு உடனே இதைக் கேளுங்கள். அங்கே அவருடைய ஒவ்வொரு அடியும் ஒரே எடையில் இறுக்கிக் கட்டியது போல விழும். இங்கே ரைட் சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டின் ஓசை பரவி, தேய்ந்து, அடுத்த அடிக்குள் கலப்பதுவரை கேட்கிறது. ஆள் ஒன்று, கை ஒன்று.

செவ்வாய், பெர்கன் ரயிலில்

ஒஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ஏழு மணி நேரம் அளவு. 1909-இல் திறந்த பாதை. ஃபின்செ நிலையம் 1222 மீட்டர் உயரத்தில். மரமே இல்லை, பாறையும் ஏரியும் பழைய பனித் திட்டும்தான். அங்கே ஐந்து நிமிஷம் இறங்கி நின்றேன். செப்டம்பர்தான், காற்று காதைக் கிழித்தது.

அங்கிருந்து இறங்கினால் வொஸ் வருகிறது. சிறிய ஊர். ஆனால் வொஸ்ஸா ஜாஸ் என்று 1974 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் விழா நடத்துகிறது. விழாக்காரர்கள் ஆண்டுதோறும் ஓர் இசைக் கலைஞரைக் கூப்பிட்டு, இந்த மேடைக்காகவே புதிதாக எழுதிக் கொடுங்கள் என்று பணம் தந்து கேட்கிறார்கள். 2019-இல் அப்படிக் கேட்கப்பட்டவர் ஹெட்விக் மொல்லஸ்டாட். அந்த இசைதான் 'எகிட்னா' (2020).

இந்த வாரம் ஒரே ஓர் ஆல்பம்தான் கேட்பேன் என்பவருக்கு இதைக் கொடுப்பேன். பாதிப் பெண், பாதிப் பாம்பாக இருக்கும் கிரேக்கப் புராணப் பிறவியின் பெயர். மொல்லஸ்டாட் கிட்டார், போர்ச்சுகலின் சுசானா சாண்டோஸ் சில்வா டிரம்பெட், இரண்டு கீபோர்ட், தாளத்துக்கு இருவர். பேஸ் கிட்டார் கிடையாது. பேஸ் இல்லாமல் ஹெவி ரிஃப் நிற்குமா என்று சந்தேகம் வரும். கீபோர்டுகளின் இடக்கையும் கிட்டாரின் தடித்த கம்பிகளும் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அடியில் ஒரு வெற்றிடமும் மிஞ்சுகிறது. அந்த வெற்றிடத்தில் டிரம்பெட் நுழைவதுதான் இந்த ஆல்பத்தின் அழகு. 'ஆன்டிலோன்' என்ற பாட்டில் ரிஃப் சுழன்றுகொண்டே இருக்க, மேலே டிரம்பெட் ஒட்டாமல் தனியே போவதைக் கேளுங்கள். டிரம்ஸ் யார் என்று சொல்லவும் வேண்டுமா? லோஃப்ட்ஹூஸ்தான்.

மெட்டல் கேட்டு வளர்ந்தவர்கள் மொல்லஸ்டாட்டின் மூவர் குழுவின் 'டிங் டாங். யூ ஆர் டெட்.' (2021) ஆல்பத்தில் தொடங்கலாம். எலன் பிரெக்கன் பேஸ், ஈவார் லோ பியோன்ஸ்டாட் டிரம்ஸ். கிட்டார் ரிஃப் பழைய ஹெவி மெட்டல் மாதிரியே தொடங்கும். எங்கே எப்போது அது ஜாஸாக மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

பெர்கன் வந்து சேர்ந்தபோது மழை. இங்கே அது செய்தியே இல்லை.

புதன், பெர்கன்

கிரீக்ஹாலன் 1978-இல் திறந்த பெரிய கான்கிரீட் அரங்கு. எட்வார்ட் கிரீக் என்ற இசையமைப்பாளரின் பெயரில். பெர்கன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் இடம். அதே கட்டடத்துக்குள் இருந்த ஸ்டூடியோவில்தான் பிட்டென் என்ற ஒலிப்பதிவாளர் தொண்ணூறுகளின் பிளாக் மெட்டல் ஆல்பங்கள் பலவற்றைப் பதிவுசெய்தார். மேஹெம், எம்பரர், இம்மார்ட்டல், என்ஸ்லேவ்ட் எல்லாரும் இங்கே வந்தவர்கள். சிம்ஃபனிக்குக் கட்டிய கட்டடம் பிளாக் மெட்டலுக்கும் கதவைத் திறந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தால் இன்று மாலைக் கச்சேரிக்கு வந்த வயதானவர்கள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

என்ஸ்லேவ்ட் 1991-இல் தொடங்கி இன்றும் வாசிக்கிறார்கள். 'ஹைம்டால்' (2023) கேளுங்கள். பழைய கொம்பு வாத்தியத்தின் ஒற்றை ஓசையில் ஆரம்பிக்கிறது. ஜாஸ் என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் பாட்டுகள் நகரும் விதம், ஒரு ரிஃபை வைத்துக்கொண்டு அதற்கடியில் சுருதி நிறத்தை மாற்றுகிற விதம், மெட்டல் மட்டும் தெரிந்தவர்களிடமிருந்து வராது. கீபோர்ட் வாசித்து, தெளிந்த குரலில் பாடவும் செய்கிறவர் ஹோகோன் வின்யே. 2017-இல் சேர்ந்தவர். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? இதே பெர்கனின் செவன் இம்பேல் குழுவிலிருந்து.

செவன் இம்பேலின் 'சம்மிட்' (2023) நாலே பாட்டு, ஒவ்வொன்றும் நீளம். சாக்ஸஃபோன் இதில் தனி ஆவர்த்தனம் வாசிக்க வரவில்லை. கிட்டார்களோடு சேர்ந்து சுவர் எழுப்புகிறது. 'ஹைட்ரா' பாட்டை நான் இன்று மட்டும் பலமுறை கேட்டுவிட்டேன். 'ஹைம்டால்' பிடித்தவர்கள் இதற்கு வாருங்கள். இது பிடித்தவர்கள் அதற்குப் போங்கள். நடுவில் பாலமாக ஓர் ஆள் நிற்கிறார்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வகையின் பெயரைத் தேடாதீர்கள். 'ஜாஸ் மெட்டல்' என்று தேடினால் கிட்டாருக்கு மேல் சாக்ஸஃபோன் ஒட்டவைத்த ஆல்பங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆல்பத்தின் பின்னட்டையில் வாசித்தவர் பெயரைப் பாருங்கள். பிடித்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் வேறு எங்கெல்லாம் வாசிக்கிறார் என்று போங்கள். நார்வே சின்ன நாடு. இங்கே அந்த வழி உங்களை ஒருபோதும் கைவிடாது.

மத்தியானம் டிராமில் ஃபான்டொஃப்டுக்குப் போய், மேட்டில் ஏறினேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு மரத் தேவாலயம் ஒன்று 1883-இல் ஃபோர்ட்டூன் என்ற ஊரிலிருந்து பிரித்து இங்கே கொண்டுவரப்பட்டது. 1992 ஜூன் 6-ஆம் தேதி எரிக்கப்பட்டது. இப்போது நிற்பது 1997-இல் கட்டி முடித்த நகல். தார் பூசிய கறுப்பு மரம், கூரை நுனிகளில் டிராகன் தலைகள், சுற்றிலும் பீச் மரங்கள். மரத்தில் கைவைத்தால் ஈரமும் தார் வாசனையும். எண்ணூறு வருடம் நின்ற மரம் ஓர் இரவில் போனது என்பதை இங்கே நிற்கும்போது சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நார்வே அரசியல் சாசனத்தின் இருநூறாம் ஆண்டு 2014-இல் வந்தபோது, அதையொட்டி இசை எழுதக் கேட்கப்பட்டவர்கள் என்ஸ்லேவ்டின் ஈவார் பியோன்சனும், முன்பு கோர்கொரோத் என்ற பிளாக் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்து, பிறகு வார்ட்ருனா என்ற குழுவைத் தொடங்கிய ஐனார் செல்விக்கும். 'ஸ்குக்ஷா' என்று அது 2016-இல் ஆல்பமாக வந்தது. எரித்தவர்களும் இவர்களும் ஒன்றல்ல. ஒரே காலத்தின், ஒரே இசையின் பிள்ளைகள். இவர்கள் தேர்ந்த வழி வேறு.

வியாழன், பெர்கன்

நாள் முழுக்க மழை. யூ.எஸ்.எஃப். வெர்ஃப்டெட்டைப் பார்த்தேன், பழைய மத்தி மீன் டப்பா ஆலை. நாட்ஜாஸ் விழா இங்கே நடக்கிறது. அப்புறம் அப்பொலோன் என்ற இசைத்தட்டுக் கடையில் மாலைவரை உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தட்டு அடுக்குகள், ஒரு பக்கம் பார். மெட்டலும் ஜாஸும் வேறு வேறு அடுக்கில்தான். ஆனால் இரண்டிலும் ஒரே ஆட்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். எலிஃபன்ட்9-இன் 'மித்திக்கல் ரிவர்' (2024) வாங்கினேன். இரவு கப்பல்.

வெள்ளி, கப்பலில்

ஹூர்டிகுரூட்டன் கப்பல் கரையோரமாகவே போகிறது. காலையில் ஓலெசுன்ட். மொல்லஸ்டாட் பிறந்த ஊர். மேல்தளத்தில் நின்று அவருடைய 'மேட்டர்னிட்டி பீட்' (2022) கேட்டேன். ட்ரான்ட்ஹைம் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவோடு செய்தது. 'எகிட்னா' அளவுக்கு உடனே பிடிபடாது. குரல்களும் கூட்டு வாத்தியங்களும் மெதுவாகத்தான் திறக்கின்றன. பொறுமை வேண்டும்.

பக்கத்து இருக்கையில் ஜெர்மன்காரர் ஒருவர், என் டீஷர்ட்டைப் பார்த்துப் பேச்சு கொடுத்தார். நார்வேயை விட்டால் என்ன கேட்பீர்கள் என்றார். இரண்டு சொன்னேன். உக்ரைனின் ஒடெசாவிலிருந்து வரும் ஒயிட் வார்ட், 'ஃபால்ஸ் லைட்' (2022): பிளாக் மெட்டலில் சாக்ஸஃபோன் இரவு நேரத்து நகரத்தின் குரலாக ஒலிக்கிறது. நியூயார்க்கின் இம்பீரியல் டிரையம்ஃபன்ட், 'ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டசி' (2022): அதில் ஒரு பாட்டில், மென்மையான சாக்ஸஃபோன் இசைக்குப் பேர்போன கென்னி ஜி வாசித்திருக்கிறார். ஆமாம், அதே கென்னி ஜி. அந்தப் பாட்டில் அவருடைய வாசிப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஜெர்மன்காரர் எனக்கு பிளட் இன்கன்டேஷன் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் 'ஆப்சல்யூட் எல்ஸ்வேர்' (2024) சொன்னார். ஏற்கெனவே கேட்டது, அருமையானது. பெர்லினின் ஹான்ஸா ஸ்டூடியோவில் பதிவானது என்று அவர் சொந்த ஊர்ப் பெருமையோடு சொன்னார்.

இரவு மோல்டே. கப்பல் கொஞ்ச நேரம்தான் நின்றது. எதிரே ரொம்ஸ்டால் மலைகள் இருட்டில் கோடாக மட்டும் தெரிந்தன. மோல்டே ஜாஸ் விழா 1961-இல் தொடங்கியது. நான் சொல்லிவந்த கதையில் பாதி இந்தச் சிற்றூரில்தான் நடந்தது. 2008-இல் ஷைனிங்கையும் என்ஸ்லேவ்டையும் ஒரே மேடையில் ஏற்றி, 'ஆர்மகெட்டன் கான்செர்ட்டோ' என்று ஒன்றரை மணி நேர இசை எழுதவைத்தார்கள். ஒரு ஜாஸ் விழா, பிளாக் மெட்டல் குழுவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னது! 2010-இல் மோட்டார்சைக்கோ என்ற ராக் குழுவும் ஸ்டோர்லோக்கனும். அது 'தி டெத் டிஃபையிங் யூனிகார்ன்' (2012) என்று இரட்டை ஆல்பமானது. 2019-இல் டிரம்மர் கார்ட் நில்சன் இங்கே தன் சூப்பர்சோனிக் ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டினார்: மூன்று டிரம்ஸ், மூன்று பேஸ், மேலே ஊதுகருவிகள். அந்தக் கச்சேரி 'இஃப் யூ லிசன் கேர்ஃபுலி தி மியூசிக் இஸ் யுவர்ஸ்' (2020). மெட்டல் இல்லை, ஒரு கிட்டார்கூட இல்லை. ஆனாலும் மெட்டல் ரசிகர்களுக்கு நான் கொடுக்கும் முதல் சுத்த ஜாஸ் ஆல்பம் இதுதான். அந்த எடை அவர்களுக்குப் புரியும்.

இப்படிச் செய்ய விழாக்களுக்குப் பணம் வருகிறது. பொதுப்பணமும் சேர்த்துத்தான். புதிதாக எழுது, என்ன வருகிறதோ வரட்டும் என்று ஒரு கலைஞரிடம் பணம் கொடுத்துச் சொல்கிறார்கள். பரிசோதனை இசை திறமையால் மட்டும் வளர்வதில்லை.

சனி, ட்ரான்ட்ஹைம்

காலையில் இறங்கினேன். வெயில். நிடெல்வா ஆற்றின் இரு கரையிலும் மரக் கிடங்குகள் சிவப்பும் மஞ்சளுமாகத் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கின்றன.

இந்த ஊரின் இசைக் கல்லூரியில் ஜாஸ் படிப்பு 1979-இல் தொடங்கியது. நார்வேயின் இன்றைய ஜாஸ் கலைஞர்களில் எத்தனையோ பேர் இங்கே படித்தவர்கள். மோட்டார்சைக்கோவும் இந்த ஊர்தான்.

ஸ்டோர்லோக்கனின் வேறொரு குழு சூப்பர்சைலன்ட். ஒத்திகை பார்ப்பதில்லை, என்ன வாசிக்கப்போகிறோம் என்று பேசிக்கொள்வதும் இல்லை. ஆல்பங்களுக்குப் பெயர்கூட வைக்காமல் எண்தான். '1-3' என்ற முதல் ஆல்பம் 1998-இல் ரூனே கிராமஃபோன் நிறுவனத்தின் முதல் வெளியீடாக வந்தது. எலிஃபன்ட்9-ம் மொல்லஸ்டாட்டும் அதே நிறுவனம்தான். கிம் யோர்தாய் வரையும் அட்டைகளை வைத்தே கடையில் அவற்றைத் தூரத்திலிருந்து அடையாளம் காணலாம். '1-3'-இன் சத்தம் எந்த மெட்டலுக்கும் குறைந்ததல்ல. அமைதியானவர்களுக்கு '6' (2003) சொல்வேன்.

அப்புறம் இந்த ஊரின் இளைஞர்கள்: அகபாஸ். தங்கள் இசையை டெத்ஜாஸ் என்று சொல்கிறார்கள். 'எ ஹேட் சுப்ரீம்' (2023) என்ற பெயரைப் பார்த்ததும் 'எ லவ் சுப்ரீம்' போட்ட ஜாஸ் சாக்ஸஃபோன் மேதை கோல்ட்ரேன் நினைவுக்கு வருவார், அதற்காக வைத்ததுதான். ஆனால் இது கிண்டல் ஆல்பம் இல்லை. சாக்ஸஃபோனும் கத்தலும் ஒரே மூச்சில் ஓடுகின்றன, இரண்டும் காற்றை வைத்துச் செய்கிற வேலை என்பது இதைக் கேட்கும்போதுதான் உறைக்கிறது. பாட்டுகள் சின்னவை, வேகமானவை. முந்தைய தலைமுறைக்கு இந்த இரண்டு இசைகளையும் சேர்க்க ஒரு விழாவின் அழைப்பு தேவைப்பட்டது. இவர்களுக்கு அவை பிரிந்திருந்ததே தெரியாது போலிருக்கிறது.

மெட்டல் பக்கமிருந்து வருகிறவர்கள் அகபாஸில் தொடங்கி, 'டிங் டாங்', 'எகிட்னா' என்று போய், நில்சனில் முடியுங்கள். ஜாஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் இதையே திருப்பிப் போட்டு, கடைசியில் 'பிளாக் மீடியம் கரன்ட்'டுக்கு வாருங்கள். நாளைக் காலை ஒஸ்லோ ரயில். மிருதங்கப் பையனுக்கு 'கேச்சிங் ஃபயர்' தட்டை இங்கே ஒரு கடையில் பிடித்துவிட்டேன்.